கூடுதல் போலீஸுக்கு ஃபெடரல் மானியம்: அமெரிக்க நகரங்களுக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் சிறு நகரங்களிலும் புறநகர்களிலும் வசிக்கும் தமிழர்களில் பலர் இப்போது நகரமன்றக் கூட்டங்களுக்குப் போகிறார்கள். சிலர் பட்ஜெட் ஆலோசனைக் குழுக்களில் இருக்கிறார்கள், சிலர் நகராட்சியிலேயே வேலை பார்க்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது ஒரு தீர்மானம் வரும்: "கூடுதல் காவலர்களை நியமிக்க ஃபெடரல் மானியத்துக்கு விண்ணப்பிக்க அனுமதி கோரப்படுகிறது." யாரும் அதை எதிர்ப்பதில்லை. வாஷிங்டன் பணம் கொடுக்கிறது, நமக்குப் போலீஸ் கிடைக்கிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் கை தூக்கிவிடுவார்கள்.

யோசிக்க நிறைய இருக்கிறது. இந்த மானியம் மூன்று ஆண்டுகளுக்குத்தான். நான்காவது ஆண்டில் அந்தக் காவலர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டியது உங்கள் நகரம். அதனால் விண்ணப்பத்தை நான்காவது ஆண்டிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நான்காவது ஆண்டை மனத்தில் வைத்தே போகிறது. நகராட்சி ஊழியருக்கும் பயன்படும், கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க நினைக்கும் குடிமகனுக்கும் பயன்படும்.

முதலில், இது என்ன பணம்?

1994 செப்டம்பர் 13 அன்று அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட குற்றத்தடுப்புச் சட்டம்தான் இதன் தொடக்கம். நாடு முழுவதும் 1 லட்சம் காவலர்களைக் கூடுதலாகத் தெருவுக்கு அனுப்புவோம் என்பது அன்றைய வாக்குறுதி. அதற்காக ஃபெடரல் அரசின் நீதித்துறைக்குள் (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) சமூகக் காவல் பணிகளுக்கென ஓர் அலுவலகம் உருவானது. சுருக்கமாக அதை 'காப்ஸ்' அலுவலகம் என்பார்கள். காவலர்களை நியமிக்க அது தரும் மானியத்துக்கு இப்போது காப்ஸ் ஹயரிங் புரோகிராம் என்று பெயர். விண்ணப்ப வட்டாரத்தில் சி.எச்.பி. என்றே சொல்வார்கள்.

அண்மை ஆண்டுகளில் அதன் அடிப்படை இப்படி இருக்கிறது. ஒரு காவலரின் தொடக்கநிலைச் சம்பளம், சலுகைகள் ஆகியவற்றில் 75 சதவீதம் வரை மூன்று ஆண்டுகளுக்கு ஃபெடரல் அரசு தரும். ஆனால் ஒரு பணியிடத்துக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 1,25,000 டாலருக்கு மேல் தராது. மீதியை நகரம் ரொக்கமாகப் போட வேண்டும். மூன்று ஆண்டு முடிந்தபின் குறைந்தது 12 மாதங்களுக்கு அந்தப் பணியிடத்தை நகரம் தன் சொந்தப் பணத்தில் வைத்திருக்க வேண்டும்.

போட்டி கடுமையானது. 2009இல் பொருளாதார மந்தநிலையின்போது 100 கோடி டாலர் ஒரே தவணையாக ஒதுக்கப்பட்டது. அந்த முறை உள்ளூர்ப் பங்கே கேட்கவில்லை. 7,272 விண்ணப்பங்கள் குவிந்தன, அவை கேட்ட தொகை மொத்தம் 830 கோடி டாலர். கிடைத்தது 1,046 காவல்துறைகளுக்கு மட்டும். 2021இல் 183 காவல்துறைகளுக்கு 13.9 கோடி டாலர், 1,066 பணியிடங்கள். சட்டப்படி நிதியில் பாதி ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கும், மறுபாதி அதற்குக் கீழே உள்ள ஊர்களுக்கும் போகிறது. சிறு நகரங்கள் சிகாகோவோடும் ஹூஸ்டனோடும் மோத வேண்டியதில்லை என்பதால், 'நமக்கெல்லாம் கிடைக்காது' என்று முன்கூட்டியே ஒதுங்கத் தேவையில்லை.

படி 1: எத்தனை பேர், எதற்கு?

பெரும்பாலான நகரங்கள் தவறு செய்யும் இடம் இது. "ஆயிரம் பேருக்கு இத்தனை காவலர் வேண்டும், நம்மிடம் குறைவு" என்று ஒரு விகிதத்தை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவார்கள். அந்த விகிதம் எதையும் சொல்லாது. நெடுஞ்சாலை ஓரம் பெரிய கடைத்தொகுதி உள்ள ஊருக்கும், இரவு ஒன்பது மணிக்கு அடங்கிவிடும் ஊருக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்?

அதற்குப் பதிலாக, அவசர அழைப்புகளைப் பதிவு செய்யும் கணினியிலிருந்து இரண்டு ஆண்டுத் தரவை எடுங்கள். எந்த நாள், எந்த மணி, எந்த இடம், என்ன வகை அழைப்பு, கார் போய்ச் சேர எத்தனை நிமிடம், அங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று பிரித்துப் பாருங்கள். காவல்துறையில் பகுப்பாய்வாளர் இல்லையென்றாலும் விரிதாள் தெரிந்த ஓர் ஊழியர் இரண்டு வாரத்தில் செய்துவிடலாம். அழைப்புகளில் கணிசமான பங்கு ஐந்தாறு முகவரிகளிலிருந்தே வருவது பல ஊர்களில் வழக்கம். அந்தப் பட்டியல் பின்னால் விண்ணப்பம் எழுதும்போது கைகொடுக்கும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு காவலர் வாரத்துக்கு 40 மணி வேலை செய்தால், ஒரே ஒரு இடத்தை இரவு பகலாக நிரப்ப 4.2 பேர் வேண்டும். விடுப்பு, உடல்நலக் குறைவு, நீதிமன்ற சாட்சியம், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். "ஆறு புதிய காவலர்கள்" என்று செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வந்தாலும், எந்த நேரத்திலும் தெருவில் கூடுதலாக இருக்கப்போவது ஒரே ஒரு ஆள்தான். மக்களிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓராண்டு கழித்து "ஆறு பேர் எங்கே?" என்று கேட்பார்கள், அந்தக் கேள்வி நியாயமானதாகவும் இருக்கும்.

கூடுதல் போலீஸால் குற்றம் குறையுமா? ஓரளவு குறையும் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ஸ்டீவன் மெல்லோ என்ற பொருளியலாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, 2009இல் விண்ணப்ப மதிப்பெண் வரம்பைத் தாண்டி மானியம் பெற்ற நகரங்களையும் அந்த வரம்பைத் தாண்டாத நகரங்களையும் ஒப்பிட்டது. மானியம் பெற்ற இடங்களில் காவலர் எண்ணிக்கை சுமார் 3.2 சதவீதம் கூடியது, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஏற்படும் இழப்பை வைத்து எடைபோட்ட குற்ற அளவு சுமார் 3.5 சதவீதம் குறைந்தது. நல்ல ஆய்வு, விண்ணப்பத்திலும் நகரமன்றத்திலும் தயங்காமல் குறிப்பிடலாம். ஆனால் அது பல நகரங்களின் சராசரி. உங்கள் ஊரில் அப்படியே நடக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் உண்டு. தற்போது பணியில் இருக்கும் காவலர் எண்ணிக்கையில் 20 சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாது என்பது அண்மை ஆண்டுகளில் விண்ணப்பங்களைக் கோரிக் காப்ஸ் அலுவலகம் வெளியிட்ட அறிவிக்கைகளில் இருந்த விதி. 60 பேர் இருந்தால் 12 வரை கேட்கலாம். கேட்கலாம் என்பதற்காகக் கேட்டுவிடாதீர்கள். எத்தனை பேர் என்பதை மூன்றாம் படியில் போடும் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும்.

படி 2: காலி இடங்களை எண்ணுங்கள்

உங்கள் பட்ஜெட்டில் 60 காவலர் பணியிடங்கள் இருக்கின்றன, ஆனால் ஆள் இருப்பது 54 இடங்களில்தான் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறு காலி இடங்களை மானியப் பணத்தில் நிரப்பிக்கொள்ளலாமா?

கூடாது. இந்த மானியத்தின் மிக முக்கியமான விதி இதுதான். ஆங்கிலத்தில் 'சப்ளாண்டிங்' என்பார்கள். நகரம் ஏற்கெனவே செலவழிக்கவிருந்த பணத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஃபெடரல் பணத்தை வைப்பது. மானியக் காவலர் ஒவ்வொருவரும் நகரம் தன் பணத்தில் வைத்திருக்கும் 60 பணியிடங்களுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த ஆறு காலி இடங்களை உங்கள் சொந்தப் பணத்தில் நிரப்பவும் தீவிரமாக முயல வேண்டும். விளம்பரம் கொடுத்தது, தேர்வு வைத்தது, பின்னணி விசாரணை நடத்தியது என்று அதற்கான தடயம் கோப்பில் இருக்க வேண்டும்.

பணம் வந்தபின் பட்ஜெட் நெருக்கடியில் இரண்டு பணியிடங்களை நகரம் ரத்து செய்தால், அது மானியத்தால் அல்ல, உண்மையான நெருக்கடியால்தான் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு நகரத்துடையது. மற்றத் துறைகளிலும் வெட்டு விழுந்ததா, கவுன்சில் குறிப்பில் என்ன காரணம் எழுதப்பட்டது என்றெல்லாம் தணிக்கையாளர் பார்ப்பார். நிரூபிக்க முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

நியமன நாளும் முக்கியம். மானியம் தொடங்கும் தேதிக்கு முன் பணியில் சேர்ந்தவருக்கு இந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்க முடியாது. "எப்படியும் கிடைத்துவிடும்" என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே ஆளெடுத்தால் முழுச் செலவும் நகரத்தின் தலையில் விழும்.

சரி, நாட்டில் பல காவல்துறைகள் இருக்கும் இடங்களுக்கே ஆள் கிடைக்காமல் தவிக்கின்றன. உங்கள் ஊரும் அப்படியென்றால் உங்களுக்குக் குறைவது பணம் அல்ல, ஆள். ஆறு காலி இடங்களை நிரப்ப முடியாதவர்கள் இன்னும் ஆறு பணியிடங்களைக் கேட்டு வாங்கி என்ன செய்யப்போகிறார்கள்? அந்த ஆண்டு விண்ணப்பத்தை விட்டுவிட்டு, ஆள் ஏன் வரவில்லை, வந்தவர்கள் ஏன் பக்கத்து ஊருக்குப் போகிறார்கள் என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை. இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்வது எளிதல்ல. ஆனாலும் யாராவது சொல்ல வேண்டும்.

படி 3: உண்மையான விலையைப் போடுங்கள்

"75 சதவீதம் அவர்கள், 25 சதவீதம் நாம்." எல்லாக் கூட்டங்களிலும் காதில் விழும் வாசகம் இது. இன்றைய சம்பளத்தில் அனேகமாக எந்த நகரத்துக்கும் இது உண்மையில்லை. காரணம் அந்த 1,25,000 டாலர் உச்சவரம்பு. ஒரு காவலரின் சம்பளமும் சலுகைகளும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 55,500 டாலரைத் தாண்டினாலே 75 சதவீதம் என்ற பேச்சு முடிந்துவிடும். அதற்கு மேலே வரும் ஒவ்வொரு டாலரும் நகரத்துடையது.

ஓர் எடுத்துக்காட்டு போடுவோம். தொடக்கச் சம்பளம் 52,000 டாலர். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு, சமூகப் பாதுகாப்பு வரி 6.2 சதவீதம், மெடிகேர் 1.45 சதவீதம், பணியிட விபத்துக் காப்பீடு எல்லாம் சேர்த்து 23,000. ஆக முதல் ஆண்டு 75,000 டாலர். இரண்டாம் ஆண்டு 77,500, மூன்றாம் ஆண்டு 80,000 என்று வைத்துக்கொண்டால் மூன்றாண்டு மொத்தம் 2,32,500 டாலர். இதில் 75 சதவீதம் 1,74,375. கிடைப்பதோ 1,25,000 மட்டும். நகரத்தின் பங்கு 1,07,500 டாலர், கிட்டத்தட்ட 46 சதவீதம்.

நான்காவது ஆண்டையும் சேருங்கள். கட்டாயமாகத் தக்கவைக்க வேண்டிய அந்த ஆண்டுக்கு 82,500 என்றால் நான்காண்டு மொத்தம் 3,15,000, நகரத்தின் பங்கு 1,90,000. ஆறு காவலர்களுக்கு 11,40,000 டாலர். ஃபெடரல் அரசு தருவது 7,50,000.

இன்னும் முடியவில்லை. இந்த மானியம் தொடக்கநிலைச் சம்பளத்துக்கும் அனுமதித்த சலுகைகளுக்கும் மட்டும்தான். ஓவர்டைம், சீருடை, துப்பாக்கி, குண்டு துளைக்காத அங்கி, உடலில் அணியும் கேமரா, வாகனம், அகாதமிப் பயிற்சிக் கட்டணம் எதுவும் இதில் வராது. அனுபவமுள்ள காவலரை அதிகச் சம்பளத்தில் எடுத்தால், தொடக்கச் சம்பளத்துக்கு மேலே உள்ளதும் நகரத்தின் கணக்கு. அமெரிக்காவில் அடிப்படைப் போலீஸ் பயிற்சி சராசரியாக 833 மணி நேரம் என்று நீதித்துறையின் 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதற்கப்புறம் மூத்த காவலருடன் களப்பயிற்சி. ஆக, முதல் ஆண்டின் பெரும்பகுதியில் சம்பளம் போய்க்கொண்டிருக்கும், தெருவில் தனியாக நிற்க ஆள் இன்னும் தயாராகியிருக்க மாட்டார்.

இந்த எண்களை ஒரே பக்கத்தில், ஆண்டுவாரியாக, யாருக்கும் புரியும்படி அட்டவணையாகப் போடுங்கள். நகரமன்றம் வாக்களிப்பதற்கு முன் அந்தப் பக்கம் ஒவ்வொரு உறுப்பினரின் மேசையிலும் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

உள்ளூர்ப் பங்கைச் செலுத்தவே முடியாத அளவுக்கு நிதி நெருக்கடியில் உள்ள ஊர்கள் விலக்குக் கேட்கச் சட்டத்தில் வழியுண்டு. அந்த ஆண்டு அறிவிக்கையில் அதற்கான நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். ஆனால் நான்கில் ஒரு பங்கைக்கூடப் போட முடியாத ஊர் நான்காம் ஆண்டில் முழுப் பங்கை எப்படிப் போடும் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

படி 4: நான்காவது ஆண்டின் பணம் எங்கிருந்து?

கலிஃபோர்னியாவின் ஓக்லண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் 41 காவலர்களுக்காக 1.97 கோடி டாலர் மானியம் கிடைத்தது, அந்த ஆண்டின் பெரிய மானியங்களில் ஒன்று. அடுத்த ஆண்டே, 2010 ஜூலையில், பட்ஜெட் பற்றாக்குறையால் அதே நகரம் 80 காவலர்களை வேலையிலிருந்து அனுப்பியது. நியூ ஜெர்சியின் நியூவார்க் 2010 நவம்பரில் 167 காவலர்களை அனுப்பியது. வரி வருமானம் சரியும்போது எந்த மானியமும் ஒரு காவல்துறையைத் தாங்கிப் பிடிக்காது. வேலை போகும்போது பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்த இளைஞர்கள்தான் முதலில் போகிறார்கள். வேறு வேலையை விட்டுவிட்டு, அகாதமியில் மாதக்கணக்கில் கஷ்டப்பட்டு, உங்கள் ஊரை நம்பி வந்தவர்கள் அவர்கள்.

ஆகவே "பொது நிதியிலிருந்து தருவோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பொது நிதியில் எந்த வருமானம்? சொத்து வரி உயர்வா, விற்பனை வரியில் ஒதுக்கீடா? அல்லது அந்த ஆண்டுகளில் ஓய்வுபெறப்போகும் மூத்த காவலர்களின் அதிகச் சம்பளத்துக்கும் புதியவர்களின் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசமா? கடைசியாகச் சொன்னதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் ஒன்று: ஓய்வுபெற்றவரின் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, மானியக் காவலரை அங்கே நகர்த்திக் கணக்குக் காட்ட முடியாது. தக்கவைக்கும் 12 மாதங்களிலும் அந்தப் பணியிடம் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

தக்கவைக்க வேண்டியது பணியிடத்தை, குறிப்பிட்ட நபரை அல்ல. ஒருவர் விலகிப்போனால் புதியவரை எடுத்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பணியிடத்துக்கும் 36 மாத நிதி முடியும் நாள் வேறாக இருக்கும் என்பதால், 12 மாதக் கணக்கும் தனித்தனியாகத்தான் ஓடும்.

நான்காம் ஆண்டுப் பங்கை முதல் ஆண்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்குநிதியில் சேர்த்து வைக்கும் முறை எனக்குப் பிடித்தது. மேலே போட்ட எடுத்துக்காட்டில் ஆறு பேருக்கான நான்காம் ஆண்டுச் செலவு 4,95,000 டாலர். மூன்றாகப் பிரித்தால் ஆண்டுக்கு 1,65,000. இந்தத் தொகையை இன்று ஒதுக்க மனமில்லாத நகரமன்றம், மூன்று ஆண்டு கழித்து அதைப்போல மூன்று மடங்கை ஒரே ஆண்டில் ஒதுக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

படி 5: பதிவுகள், எண்கள், கடவுச்சொற்கள்

சுவையில்லாத வேலைதான், ஆனால் விண்ணப்பங்கள் செத்துப்போவது இங்கேதான். ஃபெடரல் பணம் வாங்கும் எந்த அமைப்பும் சாம் டாட் கவ் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முன்பிருந்த டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக 2022 ஏப்ரல் 4 முதல் எழுத்துகளும் இலக்கங்களுமாக 12 குறிகள் கொண்ட யூ.இ.ஐ. அடையாளம் நடைமுறையில் இருக்கிறது. புதுப்பிப்பதற்குச் சில நாள் ஆகலாம், பெயரிலோ முகவரியிலோ சிறு முரண்பாடு இருந்தால் வாரக்கணக்கிலும் இழுக்கும். அறிவிக்கை வரும்வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே பார்த்துவிடுங்கள். காவல்துறைக்கு எஃப்.பி.ஐ. கொடுத்த ஓ.ஆர்.ஐ. எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் இரண்டு கட்டமாகப் போகும். முதலில் கிராண்ட்ஸ் டாட் கவ் தளத்தில் எஸ்.எஃப்.-424 என்ற படிவம். அப்புறம் நீதித்துறையின் ஜஸ்ட்கிராண்ட்ஸ் தளத்தில் முழு விண்ணப்பம். இரண்டுக்கும் கடைசி நாள் வேறு. முதல் நாளைத் தவறவிட்டால் இரண்டாவது கதவு திறக்காது. காவல்துறைத் தலைவர், நகரத்தின் நிர்வாகத் தலைவர் இருவருடைய ஒப்புதலும் வேண்டும் என்பதால், கடைசி வாரத்தில் மேயர் விடுமுறைக்குப் போகிறாரா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊழியரின் கணக்கில் எல்லாக் கடவுச்சொல்லும் இருக்கும் ஊரில் அவர் வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். இரண்டு பேருக்காவது அணுகல் இருக்கட்டும்.

படி 6: விண்ணப்பத்தின் உயிர்

சட்டம் இந்தப் பணத்தைச் சும்மா போலீஸுக்குத் தரவில்லை, சமூகக் காவல் பணிக்குத் தருகிறது. அதில் மூன்று அம்சங்களைக் காப்ஸ் அலுவலகம் பார்க்கும்: ஊராரோடு கூட்டாகச் செயல்படுவது, பிரச்சினையின் வேரைக் கண்டுபிடித்துத் தீர்ப்பது, காவல்துறை தன் அமைப்பையும் வழக்கங்களையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்வது.

விண்ணப்பத்தில் ஒரு முதன்மைப் பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். வன்முறைக் குற்றம், பள்ளிப் பாதுகாப்பு, மக்களின் நம்பிக்கையை வளர்ப்பது என்று பட்டியல் இருக்கும். எந்தப் பிரச்சினைக்கு அதிகப் புள்ளி கிடைக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது பழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. முதல் படியில் எடுத்த அழைப்புத் தரவு எதைக் காட்டுகிறதோ அதைத்தான் எழுத வேண்டும். மூன்று ஆண்டு அந்தப் பிரச்சினையில்தான் அந்தக் காவலர்களை ஈடுபடுத்த வேண்டியிருக்கும்.

எழுத்து எப்படி இருக்க வேண்டும்? "எங்கள் நகரம் மக்கள் பாதுகாப்புக்கு முன்னுரிமை தருகிறது" போன்ற வாக்கியங்களை முதலில் அடித்துவிடுங்கள். அவை எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கும். ஆராய்ச்சியாளர்கள் ஜான் எக், வில்லியம் ஸ்பெல்மன் இருவரும் 1980களில் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் காவல்துறையோடு வேலை செய்து உருவாக்கிய நான்கு கட்ட முறையை அடித்தளமாக வையுங்கள். பிரச்சினையைக் கண்டெடுப்பது, ஆராய்வது, செயல்படுவது, பலனை அளப்பது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'சாரா' என்பார்கள்.

எடுத்துக்காட்டாக, உங்கள் ஊரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து இரவுநேர அழைப்புகள் குவிகின்றன என்று வைத்துக்கொள்வோம். எத்தனை அழைப்புகள், அவற்றில் எத்தனை கார் உடைப்பு, எத்தனை குடும்பச் சண்டை என்று எழுதுங்கள். ஏன் அங்கே என்று எழுதுங்கள்: வாகன நிறுத்தத்தில் விளக்கு இல்லை, உரிமையாளர் வேறு மாநிலத்தில் இருக்கிறார், வாடகைக்கு இருப்பவர்கள் புகார் கொடுக்கப் பயப்படுகிறார்கள். பிறகு, இரண்டு காவலர்கள் அந்தக் குடியிருப்போடு என்ன செய்வார்கள், நகராட்சியின் கட்டட ஆய்வுப் பிரிவு என்ன செய்யும், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் தொண்டு அமைப்பு எப்படிச் சேரும் என்று எழுதுங்கள். கடைசியில், எந்த எண் எவ்வளவு மாறினால் இது பலித்தது என்று ஒப்புக்கொள்வீர்கள்? அந்த எண்ணை நீங்களே எழுதி வையுங்கள். கூட்டாளிகளின் கடிதங்களும் அப்படியே இருக்கட்டும்: "ஆதரிக்கிறோம்" என்பதோடு நிற்காமல், என்ன செய்வோம் என்று சொல்லும் கடிதம் வேண்டும்.

புதிதாக எடுத்த ஆளையே அந்தப் பணிக்கு அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமில்லை. அனுபவமுள்ள ஒருவரை அங்கே அனுப்பிவிட்டு, அவருடைய ரோந்துப் பணியில் புதியவரை வைக்கலாம். விதி இதை அனுமதிக்கிறது. பயிற்சி முடித்த 23 வயதுக்காரரைவிட, பத்து ஆண்டாக அந்தத் தெருக்களைத் தெரிந்த ஒருவர் அந்தக் குடியிருப்பில் நன்றாகவே செயல்படுவார்.

பள்ளிக்காகக் கேட்பதென்றால் தனிக் கவனம் தேவை. பள்ளி நிர்வாகத்தோடு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும், அந்தக் காவலர் பள்ளிக்கான 40 மணி நேர அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும். ஒப்பந்தத்தில் ஒழுங்கு நடவடிக்கை யார் கையில் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். வகுப்பில் கத்திய பையனை யார் கையாள்வது? ஆசிரியரும் தலைமையாசிரியரும்தான். இதை எழுதாமல் விட்டால் பள்ளியில் நடக்கும் சின்னச் சண்டைகள் வழக்காக மாறும், அதன் சுமையை நம் பிள்ளைகள்தான் சுமப்பார்கள். பெற்றோராக இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

படி 7: நகரமன்றமும் ஊரும்

சில இடங்களில் விண்ணப்பித்த பிறகே ஊருக்குத் தெரியவரும். முன்பே ஒரு பொதுக்கூட்டம் வையுங்கள். காவல்துறை மேல் நம்பிக்கை குறைந்த மக்கள் வாழும் பகுதியிலேயே வையுங்கள். கூடுதல் போலீஸ் யாருக்கு நிம்மதி, யாருக்குக் கவலை என்பது அங்கே தெரியும். அவர்கள் சொன்னது விண்ணப்பத்திலும் தெரிய வேண்டும்.

முன்னுரிமைப் புள்ளிகள் அரசியலோடு மாறும் என்பதையும் நகரமன்றம் அறிந்திருக்க வேண்டும். 2017இல் ஃபெடரல் குடியேற்றத் துறையோடு ஒத்துழைக்கும் ஊர்களுக்குக் கூடுதல் புள்ளி என்று நீதித்துறை அறிவித்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் வழக்குத் தொடுத்தது. கீழமை நீதிமன்றம் 2018இல் நகரத்தின் பக்கம் நின்றது. 2019இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, அப்படிப் புள்ளி தர நீதித்துறைக்கு அதிகாரம் உண்டு என்றது. ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவிக்கையை முழுவதும் படியுங்கள். சான்றளிக்கும் பக்கங்களை நகரத்தின் வழக்கறிஞர் வரிவரியாகப் படிக்கட்டும். ஒரு பெட்டியில் டிக் அடிப்பதால் ஊரில் உள்ள குடியேறிகளின் வாழ்க்கை எப்படி மாறும் என்பதை நகரமன்றம் வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை மானியம் எழுதும் ஊழியரிடம் தள்ளிவிடக் கூடாது.

படி 8: கிடைத்துவிட்டது, இனி?

பணம் மொத்தமாக வங்கிக்கு வராது. செலவுக்கு ஏற்ப கருவூலத்துறையின் மின்னணு முறை வழியாக எடுத்துக்கொள்ள வேண்டும். நிதி அறிக்கை காலாண்டுக்கு ஒருமுறை. பணி முன்னேற்ற அறிக்கை தனி. தாமதித்தால் பணம் எடுப்பது முடங்கும்.

ஒவ்வொரு மானியக் காவலருக்கும் தனிக் கோப்பு வையுங்கள். சேர்ந்த நாள், சம்பளச் சீட்டு, சலுகைச் செலவு, என்ன பணி, விலகினால் எப்போது, அந்த இடம் எப்போது நிரம்பியது எல்லாம் அதில் இருக்க வேண்டும். இறுதி அறிக்கை கொடுத்தபின் மூன்று ஆண்டுகளுக்கு ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும். எல்லா ஃபெடரல் நிதிகளும் சேர்ந்து ஓர் ஆண்டுச் செலவு 10 லட்சம் டாலரை எட்டினால் சிங்கிள் ஆடிட் எனப்படும் ஒருங்கிணைந்த தணிக்கை வரும். 2024 அக்டோபருக்கு முன் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு இந்த வரம்பு 7.5 லட்சமாக இருந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை காவல்துறைத் தலைவர் நகரமன்றத்தின் முன் வந்து, ஆறாம் படியில் நீங்களே எழுதிவைத்த எண்ணைக் காட்டட்டும். கைது எண்ணிக்கையை அல்ல. அந்தக் குடியிருப்பிலிருந்து வரும் இரவு அழைப்புகள் குறைந்தனவா? அதைக் கேளுங்கள்.

கிடைக்காவிட்டால்?

பெரும்பாலும் கிடைக்காது என்ற எதிர்பார்ப்போடு விண்ணப்பிப்பதே நல்லது. அடுத்த ஆண்டு அதே தரவைப் புதுப்பித்து மறுபடி அனுப்பலாம். நிராகரிக்கப்பட்டதால் உழைப்பு வீணாகாது, அந்த அழைப்பு ஆய்வை வைத்துக்கொண்டு இருக்கும் காவலர்களின் ஷிப்டுகளை மாற்றினாலே சில ஊர்களுக்குப் பாதிப் பிரச்சினை தீரும்.

வேறு நிதிகளும் உண்டு. 1988இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு சாட்சியின் வீட்டைக் காவல் காத்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட இளம் காவலர் எட்வர்ட் பர்ன் பெயரில் இருக்கும் பர்ன் ஜே.ஏ.ஜி. மானியம் மக்கள்தொகை, வன்முறைக் குற்ற எண்ணிக்கை ஆகியவற்றின் சூத்திரப்படி பகிரப்படுகிறது. தொகை சிறியது, ஆனால் உபகரணங்களுக்கும் ஓவர்டைமுக்கும் பயன்படுத்த முடியும். மாநில அரசுகளின் திட்டங்களையும் பாருங்கள்.

அந்தப் பிரச்சினைக்குப் போலீஸ்தான் தீர்வா என்பதையும் அந்த ஓராண்டில் மறுபடி பார்க்கலாம். அழைப்புப் பட்டியலில் கணிசமானவை மனநல நெருக்கடி என்று தெரிந்தால், ஆறு காவலர்களுக்கு நான்காண்டில் நகரம் போடவிருந்த 11,40,000 டாலரில் இரண்டு மனநலப் பணியாளர்களை நியமிக்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கையும் அதே ஒற்றைப் பக்கத்தின் பின்புறத்தில் போட்டு நகரமன்றத்துக்குக் கொடுங்கள்.